ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

சமதரையில் ஒரு குறையும் இல்லை.
டோர்னியோ உருக்காலை வாசலில் நிற்கும்போது
உண்ட மயக்கத்தில் கிடக்கும் நாய் மாதிரி மூச்சுவிடும்
என் வோல்வோ.
ஆற்றை ஒட்டி வடக்கே போகிற சாலையில்
முதல் மேடு வரட்டும்,
டர்போ முள் பாதியைத் தாண்டட்டும்,
விக்கல்.
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தாற்போல.
பிறகு சரியாகிவிடும்.
பிறகு மறுபடி.

பெட்ரோலைக் குற்றம் சொன்னேன்,
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்வீடனில் போட்டது.
குளிரைச் சொன்னேன்.
எனக்கு முன் இதை வைத்திருந்து
இருக்கையில் சுருட்டுத் துளை விட்டுப்போன
கெமி ஊர்க்காரரைச் சொன்னேன், அதிகமாகவே.
பட்டறையில் தார்மோ
"டர்போ போச்சு, ஆயிரத்து நானூறு யூரோ" என்றார்.
மூடியைத் திறக்காமலே.

டிசம்பர். மதியம் இரண்டரைக்கே இருட்டு.
கொட்டகைக் கதவை அகலத் திறந்துவைத்து
அழுத்தம் பார்த்தேன்:
பத்தரை, பதினொன்று, பத்தரை, பதினொன்று.
முப்பத்தைந்து வயது வண்டிக்கு
என்னுடையதைவிட நல்ல நெஞ்சு.
குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன்,
ஒரு குமிழி எழவில்லை.
ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினேன்.
எதைப் பிடுங்கினாலும் நொண்டியது.
பிடுங்கியும் ஒன்றும் மாறவில்லை என்றால்தான்
அந்த அறையில் ஆளில்லை என்று பொருள்.
இங்கே நான்கிலும் ஆள் இருந்தது.
நான்கும் நிரபராதி.

பல் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர்வோக்கி வந்தாள்,
கழுத்துத் துண்டைக்கூட அவிழ்க்காமல்.
இந்த வண்டியை அவளுக்கு ஆகாது.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"சும்மா இருக்கிற பல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறாய்.
கடிக்கச் சொல்."

கடிக்கச் சொன்னோம்.
ஓட்டுநர் இருக்கையில் அவள்.
இடது கால் பிரேக்கில், உடம்பின் எடை மொத்தமும்.
கியர் டி-யில்.
வலது கால் மெல்ல, இன்னும் மெல்ல.
"முன்னால் நிற்காதே!" என்று கத்தினாள்,
பக்கவாட்டில் ஒதுங்கினேன்.
விளக்கை அணைத்தேன்.
செடிக்குத் தெளிக்கும் குப்பியை அழுத்தி
எஞ்சின்மேல் ஒரு மூச்சுத் தண்ணீர்.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
டர்போ சீறி எழுந்தது.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒன்று,                நான்கு, இரண்டு.

நீலம்.
நூலிழை நீலம்.
மூன்றாம் ஒயரின் இடுப்பிலிருந்து
பக்கத்துத் தகட்டுக்குத் தாண்டி
இல்லாமல் போனது.
மறுபடி.
"போதுமா?" என்றாள் உள்ளிருந்து.
போதவில்லை எனக்கு.
இரண்டு மாதத்தில் முதல் முறையாக
நோய் முகம் காட்டுகிறது,
அதுவும் இவ்வளவு அழகாக.

காற்று உள்ளே நெருக்கியடித்து நிற்கும்போது
பொறிக்கு அதைப் பிளந்து குதிப்பது பெரும்பாடு.
வெளியே மயிரிழை வெடிப்பு ஒன்று கண்டால்
எதற்கு வம்பு என்று
அந்தச் சந்திலேயே நழுவிவிடுகிறது.
நெருக்கடி இல்லாத நேரத்தில் ஒழுங்காக வேலைக்கு வரும்.

கைப்பையிலிருந்து தன் பல் கண்ணாடியை எடுத்தாள்.
காம்பை வளைக்காமல் உள்ளே விட்டு, டார்ச் அடித்து,
"இங்கே ஒரு கவ்வி காலியாக இருக்கிறதே" என்றாள்.
ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கவ்வி.
பிடி இல்லாத ஒயர் தகட்டின் விளிம்பில்
உரசி உரசித் தோல் கிழிந்திருந்தது.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
புது பிளக் நான்கு வாங்கி மாட்டினேன்.
ஆறு மணிக்கு ஷிப்ட், கிரேன் என்னை எதிர்பார்த்து நிற்கும்.
மாட்டினால் கிளிக் என்று சொல்லும் அந்தக் கவ்வி.
சொன்னதா என்று
நான் நின்று கேட்கவில்லை.

"யார் வேலை இது?" என்றாள் ஓர்வோக்கி.
"கெமிக்காரர்" என்றேன்.
கண்ணாடியை வெளியே எடுத்தாள்,
துடைத்தாள்,
என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

புது ஒயர் செவ்வாய்க்கிழமைதான் வரும்.
அதுவரை பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.
மேட்டில் முள்ளைப் பாதிக்கு மேல் விடுவதில்லை.
தார்மோவிடம் இன்னும் சொல்லவில்லை.