குண்டுக்கு இரண்டணா

நகரி மூக்கைப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.
மூக்கு தெரிந்தால் வீடு வந்தாயிற்று என்று அர்த்தம்,
கனடாக்காரனுக்கும் கூட.

நாற்பத்து மூன்று ஐப்பசியில் அது வந்தது.
நாலு இன்ஜின், இரட்டை வால்,
உள்ளே நிமிர முடியாமல் எட்டுப் பேர்.
லிபரேட்டர் என்றார்கள். எழுத்து கே.
கம்பங்கொல்லையை மட்டம் செய்து போட்ட ஓடுதளத்தில்
வெயில் ஏறினால் அதன் வயிற்றில் கை வைக்க முடியாது.

நான் எத்திராஜுலு, போர்டு எழுதுகிறவன்.
வீட்டில் தெலுங்கு, கணக்கில் தமிழ்,
தூரிகையில் காசு கொடுக்கிறவன் பாஷை.
மூக்கில் ஒரு படம் போடு என்றான் கேப்டன்,
மாடு மாதிரி, பலமாக.
எருமை வரைந்தேன்.
அது யாருடைய வாகனம் என்று அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பெஸ்ஸி என்று பெயர் வைத்தார்கள்.
ஏறுமுன் ஒவ்வொருவனும் கொம்பைத் தொடுவான்.

ஒவ்வொரு தடவை போய் வந்ததற்கும்
எருமைக்குப் பின்னால் மஞ்சளில் ஒரு குண்டு.
மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, வாலுக்கு இரண்டு கோடு.
குண்டுக்கு இரண்டணா.
சார்ஜெண்ட் புகையிலை டப்பாவிலிருந்து எண்ணித் தருவான்,
நான் நோட்டில் தேதி போட்டுக்கொள்வேன்.
எங்கே போனது என்பது நோட்டில் கிடையாது.
கடலுக்கு அந்தப் பக்கம். அவ்வளவுதான்.

ஏழாவதற்கு அப்புறம் மூன்றாம் இன்ஜினை மாற்றினார்கள்.
பதிமூன்றாவதைத் தலைகீழாக வரையச் சொன்னான் கேப்டன்,
ராசிக்காக.
பதினெட்டில்,
சீத்தாப்பழக் கொட்டையை யார் தூரமாகத் துப்புவது என்று
என்னோடு பந்தயம் கட்டுவானே, வால் துப்பாக்கிப் பொடியன்,
அவன் இறங்கவில்லை.
குழாய் வைத்து வாலைக் கழுவிவிட்டு
புதுத் தகடு அடித்தார்கள்.
பழைய பச்சையும் என் பச்சையும்
எவ்வளவு கலந்தும் ஒட்டவில்லை.

இருபத்தொன்பதோடு சண்டை முடிந்தது.
ஓட்டிப் போகவும் ஆள் வரவில்லை.
டிராக்டர் ஏறி முதுகை முறித்தது.
காண்டிராக்டர் தராசோடு வந்தான்,
எருமைத் தகடு எத்தனை சேர் என்று கத்தினான்,
யாரோ எழுதிக்கொண்டார்கள்.

நாற்பத்தாறு தையில்
பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த முனிரத்தின முதலி
புத்தூர் ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.
அக்கா வீட்டுக்காரர் சுப்பராயுலு,
ரங்கூன் ரயில் யார்டில் கரி தள்ளுகிறவர்,
போன மாசி மகத்தை ஒட்டி,
ராத்திரி வேலை, நல்ல நிலா,
ஜப்பான்காரன் வண்டிகளுக்குப் பக்கத்தில்...
அதற்கு மேல் அவரால் ஆகவில்லை.
டீ வாங்கிக் கொடுத்தேன். அக்காவிடம் நீயே சொல்லப்பா என்றார்.

பையில் அந்த நோட்டு இருந்தது.
மகத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று தேதி.
ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் புள்ளி வைத்தேன்.
தள்ளிப் பிடித்துப் பார்த்தால் ஃ.
பள்ளிக்கூடத்தில் அதைத் தனிநிலை என்பார்கள்,
உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது.

போனது இது ஒன்றா, நாற்பதோ ஐம்பதோ போயிருக்கும்.
அந்த மூன்றும் வேறு ஊருக்கே போயிருக்கலாம்.
சார்ஜெண்டைக் கேட்கலாம் என்றால்
அவன் எந்த நாட்டில் இருக்கிறானோ.

மொத்தம் மூன்று ரூபாய் பத்தணா.
அதில் இரண்டே கால் ரூபாய்க்கு
அக்காவுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு நூல்சேலை எடுத்திருந்தேன்.
அவர் வந்து இறங்கட்டும், கட்டிக்கிறேன் என்று
மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

புத்தூரிலிருந்து வீடு ஆறு மைல்.
பஸ் நின்றிருந்தது, ஏறவில்லை.
மூக்கு தெரிந்தால் வீடு வந்தாயிற்று என்று அர்த்தம்.
அன்றைக்கு அது
ஆறு மைலும் தெரிந்துகொண்டே இருந்தது.