பல்லுக்கும் கழுத்து உண்டு

செல்லூரில் பெண் பார்க்கப் போன அன்று
ரோஸ்மில்க் கொடுத்தார்கள்.
எவர்சில்வர் டம்ளர் வேர்த்திருந்தது.
முதல் மடக்கு
மேல்வரிசை இடப்பக்கம் பட்டதும்
கடப்பாறையால் நெம்பினாற்போல்
காது வரைக்கும் ஏறியது.
என் முகம் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.
அவர்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் தரகர் வீரணன் போன் பண்ணினார்.
"பிடிக்கலைன்னா வாயால சொல்லணும் தம்பி,
மூஞ்சில சொல்லக் கூடாது."

பிடித்திருந்தது.
டம்ளரை நீட்டிய இந்துமதியின் நகக்கண்ணில்
நூல்சாயத்தின் ஊதா ஒட்டியிருந்ததுகூட.

மூன்று வருஷமாய்
சர்பத் கடையில் "ஐஸ் வேணாம்ணே" என்கிறவன் நான்.
சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில்
நீர்மோரைக்கூட
தலையை வலப்பக்கம் சாய்த்து
கிளிபோலக் குடிக்கிறவன்.

மேலூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே
பிளைவுட் கடை மாடியில் டாக்டர் நிலோஃபர்.
"சொத்தை இல்லை" என்றார்.
ஏமாற்றமாகக்கூட இருந்தது.
சொத்தை என்றால் பிடுங்கிப் போட்டுவிடலாம்.
காற்றூதும் குழலைப் பல் பல்லாய் நகர்த்தினார்.
நாலாவதில்
நாற்காலியை விட்டு எழும்பிவிட்டேன்.

கைக்கண்ணாடியைக் கொடுத்து
"இது பல்லோட கழுத்து" என்றார்.
பல்லுக்குக் கழுத்து இருப்பது அன்றுதான் தெரியும்.
ஈறு மேலே ஒதுங்கிப்போய்
மஞ்சளாய் ஒரு பள்ளம்,
அரத்தால் இழுத்த மாதிரி.

"எப்படித் தேய்ப்பீங்க?"
செய்து காட்டினேன்.
"என்ன வேலை?"
"கிரானைட் பாலிஷ்."
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அறுபதாம் நம்பரில் தொடங்கி
மூவாயிரம் வரைக்கும் தேய்த்தால்
பாறையில் முகம் தெரியும்.
அந்த முகத்துக்குக் கொடுத்த விலை
தரையில் சாந்தாய் ஓடும்.
எட்டு வருஷம் அதைக் கழுவித் தள்ளியவனுக்கு
வாஷ்பேசினில் போனது தெரியவில்லை.

எனாமலுக்கு அடியில்
கண்ணுக்குத் தெரியாத துளைகள், ஆயிரக்கணக்கில்.
ஒவ்வொன்றிலும் ஈரம்.
குளிர் பட்டால் அந்த ஈரம் அசையும்,
அசைந்தால் உள்ளே நரம்பு விழித்துக்கொள்ளும்.
குவாரியில் கல்லைப் பிளக்க
நாங்கள்தான் வரிசையாய்த் துளை போடுவோம்.
பல்லில் யாரும் போடவில்லை,
எப்போதும் இருந்தவை.
நான் கழற்றியது மூடியை.

மதியம் எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு
பல் தேய்ப்பதும் தப்பாம்.
இரவில் நறநறப்பதும்.
"அண்ணன் தூக்கத்துல ஓவர்டைம் பாக்குது" என்று
தம்பி ஊருக்கெல்லாம் சொன்னதை
நான் நம்பியதில்லை.

பள்ளத்தை அடைத்து நீல விளக்கடித்தார்.
மற்றவற்றுக்கு வார்னிஷ் பூசினார்.
வார்னிஷ்! அது எங்கள் பாஷை அல்லவா.
இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தகட்டுக்கு அளவெடுத்தார்.
மிருதுவான பிரஷ், பேனா மாதிரி பிடிக்கணும்.
கூச்சத்துக்கான பேஸ்ட்,
துப்பலாம், உடனே கொப்பளிக்கக் கூடாது.
"நாலு வாரம் ஆகும்.
நாலாம் நாளே வந்து திட்டாதீங்க."

பேனா பிடித்து எவ்வளவு நாளாச்சு.
முதல் வாரம் தேய்த்த மாதிரியே இல்லை.
வாயை மூடிக்கொண்டே பேசியதில்
மேஸ்திரி விரதமா என்று கேட்டார்.

இருபத்துமூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து
பானைத் தண்ணீரை இடப்பக்கமே விட்டேன்.
ஒன்றும் வரவில்லை.
கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.
அப்புறமும் வரவில்லை.

தரகரைக் கெஞ்சி நம்பர் வாங்கினேன்.
பின்னால் தறிச்சத்தம்.
"அன்னிக்கு..." என்றேன்.
"கூச்சம்..." என்றேன்.
மிச்சம் தொண்டையில் நின்றுவிட்டது.
"அதான் தெரிஞ்சுச்சே" என்றாள்.
"இல்ல, பல்லுல."
தறி நின்றது.
"எந்தப் பல்லு?"

நாக்கால் தடவி எண்ணிப் பார்த்துச் சொன்னேன்:
மேல்வரிசை, இடதுபக்கம்,
நாலாவது.