காப்பாளர் என்ற இடத்தில்

அந்த நெடி வந்த ராத்திரிக்குப் பிறகுதான்
ஏகாம்பரம் உயில் எழுத ஒப்புக்கொண்டார்.
அதுவரை,
'நாப்பத்தோரு வயசுல எவனாவது எழுதுவானா,
வாய வெச்சிக்கினு சும்மா கெட' என்பார்.

எண்ணூர் விரைவுச் சாலையில்
ட்ரெய்லர்கள் துறைமுகம் வரைக்கும் வால் நீட்டி நிற்கும்.
அதில் ஒன்றில் பதினாறு வருஷம் உட்கார்ந்தே கிடந்தவர்
அன்று ஓடினார்:
தோளில் சின்னவன், அவிழ்கிற கைலி,
கையில் டிவி ரிமோட்.
ஏன் ரிமோட் என்று இன்னும் அவருக்கே தெரியாது.
பத்திரமெல்லாம் வைத்த பிஸ்கட் டின்
பீரோவுக்கு மேலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் கவிழ்த்தோம்.
வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணை, மடிப்பில் கிழிந்து.
அடகுச் சீட்டு மூன்று, ஒன்று மூழ்கிப்போனது.
ஏலச்சீட்டு நோட்டு.
பி.எஃப். படிவத்தில் நாமினி: தாயார் கன்னியம்மாள்.
மாமியார் போய் ஒன்பது வருஷம்.
'பணத்த வாங்க உங்கம்மா மேலேர்ந்து எறங்கி வரணும்' என்றேன்.
சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கடித்தார்.

வெள்ளைத் தாளே போதுமாம்.
சங்க ஆபீஸில் சொன்னார்கள்.
சாட்சிக்கு இரண்டு பேர்:
கேன் தண்ணீர் போடும் லூர்து, இஸ்திரிக்காரர்.
சாட்சிக்கு ஆள் கிடைப்பது சுலபம்.

வீடு எனக்கு, எனக்குப் பின் இரண்டுக்கும் சமமாய்.
கடனையும் எழுதச் சொன்னேன்.
நான் அறியாத ஒன்று அதில் இருந்தது.
டயர்க்கடை பாபு, இருபத்தெட்டாயிரம்.
'எதுக்கு?'
'உன் ஆப்ரேசனுக்குத்தான்.'
கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பைசா செலவில்லை என்று
அப்போது என்னிடம் சொன்ன மனுஷன்.
எழுந்துபோய் அரிசி களைந்தேன்.
மூன்று தண்ணீர் போதும்,
ஐந்து தண்ணீர் களைந்தேன்.

திரும்பி வந்தபோது பேனா நின்றிருந்த இடம்:
நாங்கள் இருவரும் ஒருசேரப் போனால்
பிள்ளைகள் யாரிடம்?

அவர் தம்பி நல்லவன், சாயங்காலம் ஆறு மணி வரை.
என் அக்கா வீட்டில் சோறு அளந்துதான் விழும்.
பெரம்பூர் சித்தப்பா பையனைப் படிக்க வைப்பார்,
பெண்ணைப் பாத்திரம் தேய்க்க வைப்பார்.
கும்மிடிப்பூண்டி மச்சான் பெண்டாட்டியைக் கேட்கவேண்டும்,
அவள் ஜாதகத்தைக் கேட்பாள்.

கல்யாணப் பத்திரிகை வைக்க
இருநூற்றுப் பத்து வீடு இருந்தது எங்களுக்கு.
இந்த ஒரு கோட்டின் மேல் வைக்க
ஒரு பெயர் இல்லை.

மின்விசிறி தாளைத் தூக்கியது.
ரிமோட்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

முதலில் வாய் திறந்தது நானா அவரா, நினைவில்லை.
'எதிர் வீடு.'

ஜைத்தூன்.
குழாயடியில் குடம் தள்ளிய சண்டை,
எட்டு மாதமாய்ப் பேச்சில்லை.
என்னைப் பார்த்தால் வாளியை ஓசையோடு வைப்பாள்,
நான் கதவை ஓசையோடு சாத்துவேன்.
அன்று அந்தக் கதவை
உடைக்கிற மாதிரி தட்டியது அவள்தான்.
நனைத்த துப்பட்டாவை என் மகள் முகத்தில் கட்டி
மூன்று மாடி தூக்கி இறங்கியவள்.
பின்னால் இருமிக்கொண்டே வந்த தன் மகனிடம்
'நீ பெரியவன், நட' என்றது எனக்குக் கேட்டது.
மறுநாள் காலை
வாளி அதே ஓசையோடு.

பெயரை எழுதினால் போதாது,
சம்மதம் கேட்கவேண்டுமாம்.
அவர் சட்டை போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டினார்,
ஏதோ ஆபீசுக்குப் போகிறவர்போல.
துவைத்து வைத்தும் திருப்பிக் கொடுக்காத துப்பட்டாவை
நான் மடித்து எடுத்துக்கொண்டேன்.

ஆறடிதான் நடை.
கூட்ஸ் வண்டி போனது, கட்டடம் லேசாய் அதிர்ந்தது.
உள்ளே அவள் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
அது நின்றதும் தட்டலாம் என்று
நின்றோம்.