அடுத்து

நாற்பது நொடி.
அதுவரை "அடுத்து" பொத்தானுக்கு உயிர் வராது.
நான்தான் அப்படிப் பூட்டி வைத்தேன்.
படிக்காமலே தாவுகிறார்கள் என்று
ஹொசகோட்டேயிலிருந்து புகார்.

குளிர்கிடங்கில் அமோனியா கசிந்தால்
என்ன செய்ய வேண்டும் என்பது பாடம்.
முப்பத்தெட்டுத் திரை, ஒன்பது கேள்வி,
மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கார்ட்டூன் ஆள்.
அவனுக்கு மூக்கு இல்லை.
நெடியைப் பற்றிய பாடத்தில்
மூக்கில்லாத ஒருவனை வரைந்திருக்கிறோம் என்பது
மூன்று சுற்றுத் திருத்தத்திலும்
யாருக்கும் உறைக்கவில்லை,
எனக்கும்தான்.

"இன்னும் கொஞ்சம் ஈர்ப்பாக" என்றார் பெனகல் சார்.
சரியான விடைக்கு வாணவேடிக்கை வைத்தேன்.
விஷவாயுவிலிருந்து தப்பினால் பூச்சட்டி.
தப்பாவிட்டால்
"மீண்டும் முயல்க".

முதல் மாத அறிக்கை வந்தது.
எட்டுக் கேள்விகளில் பழுதில்லை.
ஏழாவதில் மட்டும் நாற்பத்தொரு பேரும் தவறு.
காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, எந்த வழியாக வெளியேறுவாய்?
வடக்கு வாசல், இது என் விடை.
அவர்கள் எல்லோரும் தொட்டிருந்தது
நான்காவதை:
சரக்கு மேடையிலிருந்து குதிப்பேன்.
இடம் நிரம்பட்டும் என்று,
சும்மா சிரிப்புக்கு நான் எழுதியது.
ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்
ஆறு முறை முயன்று
ஆறு முறையும் குதித்திருந்தார்.

கேள்வியை எளிதாக்கு என்றது மின்னஞ்சல்.

டின் ஃபேக்டரியில் பஸ் மாறிப் போனேன்.
கேன்டீன் மூலையில், பஞ்சிங் மெஷின் பக்கத்தில்
ஒரே ஒரு கணினி.
மைனஸ் பதினெட்டிலிருந்து வெளியே வந்த விரல்
மவுஸைப் பிடித்திருப்பதை உணர
ஐந்து நிமிடம் ஆகுமாம்.
என் கேள்விக்கு நான் கொடுத்திருந்தது மூன்று.
அக்குளில் கையைச் செருகிக்கொண்டு
முழங்கை நுனியால் விடை தொடுகிற ஒருத்தியைப் பார்த்தேன்.
அலுவலகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு:
ஆர்வமின்மை.

"ஏழாவதா? வாங்க" என்றாள் அவள்.
கங்கரத்னா, தும்கூர் பக்கம்.
காற்றுப்பை எங்கே என்று கேட்டேன்.
கம்பியில் மாட்டிப் படபடக்கும்
ஒரு பால் கவரைக் காட்டினாள்.
"இதுதான் மேடம். பொய் சொல்லாது."
கவர் கிழக்கே நீண்டிருந்தது.
என் பாடத்தின்படி
இருவரும் வடக்கே நடந்தோம்.

வாசல் இருந்தது.
மேலே பச்சை விளக்கு, ஓடுகிற ஆள் படம், அம்புக்குறி,
எல்லாம் நான் வரைந்தபடியே.
கீழே, கை முட்டியளவு ஒரு பூட்டு.
போன வருடம் இரண்டு பெட்டி பட்டாணி காணாமல் போனதாம்.
சாவி கான்ட்ராக்டரிடம்,
கான்ட்ராக்டர் யஷ்வந்தபுரத்தில்.

திரும்புகிற பஸ்ஸில்
நாற்பத்தொரு சிவப்புப் பெருக்கல் குறிகளையும்
ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.
மெஜஸ்டிக் வரை உட்கார இடம் கிடைக்கவில்லை.

பூட்டைப் பற்றி எழுதினேன்.
"அது நம் ஒப்பந்தத்துக்குள் வராது" என்று பதில்.
சரி.
பால் கவரைப் படம் எடுத்து
பதினான்காம் திரையில் வைத்தேன், நீக்கச் சொன்னார்கள்,
கம்பெனி நிறத்தில் காற்றுப்பை வரைந்தேன்.
கார்ட்டூன் ஆளுக்கு மட்டும்
யாரிடமும் கேட்காமல்
ஒரு மூக்கு வைத்தேன்.

மேலாளர்களுக்கென்று தனிப் பதிப்பு ஒன்று உண்டு.
சுருக்கமானது, பன்னிரண்டே திரை.
அதில் ஒன்பதாவதாக
அந்தப் பூட்டின் புகைப்படம்.
குரல் இல்லை, கேள்வி இல்லை,
துரு மட்டும், திரை முழுக்க.
நாற்பது நொடி.

திங்கள் காலை
முதல் மின்னஞ்சல் வந்தது.
ஒன்பதாம் திரையில்
"அடுத்து" வேலை செய்யவில்லை,
உடனே சரிசெய்யவும்.