வெற்றடி

தேசப்பன் மெஷினைத் தூக்கி வந்தான் என்பதைவிட
மெஷின் அவனை இழுத்து வந்தது எனலாம்.
பதினொரு கிலோ. தோளில் மாட்டிய கயிறு
சட்டையை ஒரு பக்கமாகக் கோணலாக்கியிருந்தது.
"அடி பத்தலக்கா. கான்கிரீட்டு என்னப் பாத்து சிரிக்குது."

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த நேரம்.
டேங்கர் வேகன்கள் முடிகிற வழியாக இல்லை.
டீ வந்தது. அவன் அரை கிளாஸ்தான் வாங்கிக்கொண்டான்.
ஏனென்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கழற்றினேன்.
கறுத்த கிரீஸ், அதில் குழைந்த சிமெண்ட் மாவு.
உள்ளே பார்க்காதவர்கள்
இரும்பு இரும்பை அடிக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.
பிஸ்டன் ஒருநாளும் குண்டைத் தொட்டதில்லை.
நடுவே ஒரு கட்டைவிரல் நீளத்துக்குக் காற்று.
பிஸ்டன் நெருக்கும்,
காற்று பொறுக்கும், இன்னும் பொறுக்கும்,
பிறகு குண்டை விட்டெறியும் உளியின் தலையில்.
நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு தடவை.

அடி போதவில்லையா, குண்டைக் கனமாக்கு.
என் புத்தி நேராக அங்கேதான் போனது.
லேத்துக்கார பர்கத் பாய்
எண்பது கிராம் கூட்டிப் புதுக்குண்டு கடைந்து தந்தார்.
சீவல் நீலமாகச் சுருண்டு அவர் செருப்பில் விழுந்தது.

மூன்றாம் நாள் வந்தான்.
உளியின் கழுத்து ஒடிந்திருந்தது.
மணிக்கட்டில் ஈரத்துணி.
"அடிக்குதுக்கா. என்னையும் சேத்து அடிக்குது."

கடையைப் பூட்டிவிட்டு அவன் பின்னால் போனேன்.
வியாசர்பாடியில் மழைநீர்க் கால்வாயின் பழைய சுவர்.
கம்பியும் ஜல்லியும் கலந்து கடித்துக்கொண்டிருக்கும் சுவர்.
உளியை வைத்தான். அடித்தது.
அடுத்த இடத்துக்கு எடுத்தான்.
எடுத்த பிறகும் அடித்தது.
எதிரே சுவர் இல்லை, வெயில்தான் இருந்தது,
அந்த வெயிலை அடித்தது.
வெயில் வாங்காத அடியெல்லாம்
அவன் முழங்கை வழியாகப் பல்லுக்குப் போனது.

"சுவிட்ச விடேன்டா, எடுக்கறப்ப."
விரலைக் காட்டினான்.
நுனிகள் வெளுத்து, சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தவை போல.
"மடங்க மாட்டேங்குது. அதான் லாக்கு போட்டு வுட்டுட்டேன்."

திரும்பி வந்து பழைய குண்டையே எடுத்துத் துடைத்தேன்.
அதன் இடுப்பு வளையம் தேய்ந்து காற்று கசிந்திருக்கிறது,
சுவரில் அடி மெலிந்தது அதனால்.
முன்னால் இன்னொரு வளையம் உண்டு.
உளி சுவரை விட்டதும் குண்டு முன்னே சறுக்கும்.
அதன் மூக்கை இந்த வளையம் கவ்விக்கொள்ள வேண்டும்.
கவ்வ வேண்டியது பல் போன வாயாக இருந்தது.

சைக்கிள் கடை ரப்பரைப் போட்டுப் பார்த்தேன்,
ஒரே ராத்திரியில் கிரீஸைக் குடித்து ஊதிவிட்டது.
காசிமேட்டில் போட்டு வின்ச்சுக்கு சீல் விற்கிறவரிடம்
டப்பா டப்பாவாகக் கிளறி
மீன் வாடையோடு ஒரு வளையம் கிடைத்தது. அறுபது ரூபாய்.

அது மட்டும் போதவில்லை.
சிலிண்டரில் மூச்சுத்துளை இன்னும் இரண்டு போட்டேன்,
மூன்று மில்லிமீட்டர்,
குண்டு முன்னே போனால் மட்டும் திறக்கிற இடத்தில்.
திறந்தால் காற்று வெளியே போய்வரும்,
பிஸ்டனுக்கு நெருக்க ஒன்றும் இருக்காது.
பிசிறு ஓ-ரிங்கை அறுத்துவிடும் என்று
எமரி போட்டுத் தேய்த்தேன்,
என் பழைய நைலான் புடவை நூலை உள்ளே விட்டு இழுத்தேன்.
ஏழாவது தடவைதான் நூல் மாட்டவில்லை.

வாசல் கருங்கல்லில் வைத்து அழுத்தினான்.
கல் பொரிந்து என் காலில் தெறித்தது.
எடுத்தான்.
மோட்டாரின் உறுமல் மட்டும்.
முகம் விழுந்துவிட்டது அவனுக்கு.
"பூட்ச்சாக்கா?"
"போகல. சும்மா கீது."

அழுத்தினான். அடித்தது.
எடுத்தான். சும்மா இருந்தது.
கேட்டில் நின்ற ஆட்டோக்காரர்கள் திட்டும் வரை
அதையே செய்துகொண்டிருந்தான்.

டீ சொன்னேன். அன்றைக்கும் அரை கிளாஸ்தான்.
அதுவும் விளிம்பில் அலைந்தது.
பணத்தை எடுத்தான், நோட்டுகளைப் பிரிக்க வரவில்லை.
நானே எண்ணி எடுத்துக்கொண்டு
மீதியை அவன் சட்டைப்பையில் வைத்தேன்.

அந்தக் கனத்த குண்டு என் பெஞ்சில்தான் கிடக்கிறது,
கரண்ட் பில் பறக்காமல்.