ஒரு நூலுக்குச் சற்று மேலே

ப்ருனோவில் ஏப்ரல் மழை.
பரிசோதனைக் கொட்டகையின் தகரக்கூரை
காதைப் பிடுங்குகிறது.
சக்கரம் கழற்றிய கார்
நாலு கட்டைமேல் கிடக்கிறது,
அறுவைக்கு மயக்கம் கொடுத்த ஆளைப்போல.

ஸ்லாவோமீர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்,
நடுவே அளவுகோலை ஓடவிடுகிறார்.
ஆயிரத்து எண்ணூறு என்கிறது விதிநூல்.
ஆயிரத்து எண்ணூற்று நாலு என்கிறது கார்.

நாலு மில்லிமீட்டர்.
நம் தச்சர் கணக்கில்
ஒரு நூலுக்குச் சற்று மேலே.

யிட்கா கையுறையைக் கழற்றுகிறாள்.
நக இடுக்கெல்லாம் காய்ந்த பிசின்.
"அங்கேதான் விலேமின் முழங்கால்.
போன வருஷம் பக்கவாட்டில் இடி வாங்கிய கூட்டை
ஆறு மாதம் அறுத்து அறுத்துப் பார்த்தேன்.
கிழிந்த இடம் இது.
அதனால்தான் இங்கே மட்டும் இழை கூடுதல்.
வேகத்துக்கு இதில் துளி லாபம் இல்லை.
காற்றுச்சுரங்கக் கணக்கைக் காட்டட்டுமா? நஷ்டம்."

அவர் நம்புகிறார்.
நம்பியதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

இதே கொட்டகைக்கு
யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள்:
நிற்கும்போது விறைத்து
ஓடும்போது பணியும் இறக்கையோடு,
ஓட்டை இல்லை, இடைவெளி என்று
ஒரு மணி நேரம் வாதாடிய வக்கீலோடு,
குளிரூட்டி என்று பெயரெழுதிய விசிறியோடு.
எல்லாரும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள்.
மெய்க்கும் பொய்க்கும்
ஒரே பெயின்ட் கடை.

"உனக்கு நாலு விட்டால்
அடுத்தவன் நாற்பதோடு வருவான்."
சொல்லி முடித்ததும்
வேறு யாரோ பேசியதுபோல் அவருக்கே கேட்கிறது.

அந்த ஆயிரத்து எண்ணூறும் சும்மா வந்ததல்ல.
குறுகலான வளைவொன்றில்
இரண்டு வண்டிகள் கொக்கி போட்டுக்கொண்டு
பள்ளத்தில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது.
வளைவை இடித்து அகலமாக்கி
ஒன்பது வருஷம் ஆகிறது.
எண்ணை யாரும் இடிக்கவில்லை.

இரவு.
வேனுக்குள் ரம் ஊற்றிய தேநீர் ஆறுகிறது.
யிட்கா விதிநூலைப் பிரிக்கிறாள்,
கடன் பத்திரத்தைப் படிப்பவள்போல்
ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து.
'வெளிப்புற அகலம்.'
வெளிப்புற, என்கிறாள் வாய்விட்டு.
உள்ளே எவ்வளவு என்று ஒரு வரி இல்லை.
எழுதியவர்களுக்கு
உள்ளே ஓர் ஆள் உட்காருவது மறந்திருக்கும்,
அல்லது அதைப்போய் எழுதுவானேன் என்று தோன்றியிருக்கும்.

இரண்டு மணிவரை வெளியே தேய்த்தாள்.
கறுப்புத் தூள் மூக்கில், இமையில், ரொட்டியில்.
தேய்த்த இழையை
உட்பக்கம் புதிதாக ஒட்டி
விடியும்வரை சூடுவிளக்கைப் பிடித்து நின்றாள்.

காலையில் ஆயிரத்து எண்ணூறு.
இம்மி பிசகவில்லை.
ஸ்லாவோமீர் பச்சை வில்லையை ஒட்டி
கட்டைவிரலால் இருமுறை அழுத்தினார்.

விலேம் உள்ளே இறங்கினான்.
"முழங்கால் இடிக்குது."
"தெரியும்."
"விதி?"
"அது இடிக்கலை."

அன்று எதுவும் நடக்கவில்லை.
யாரும் மோதவில்லை, எதுவும் எரியவில்லை,
அந்தக் கூட்டை எந்தச் சுவரும் சோதிக்கவில்லை.
ஆறாவதாக வந்தான்.
நொண்டி நொண்டி இறங்கி
கால்சட்டையை உருட்டினான்:
முழங்காலின் வெளிப்பக்கம்
பிளம்பழ அளவில் ஒரு நீலம்.

எட்ட நின்ற ஸ்லாவோமீரின் கண்
கேட்காமலே அளந்துவிட்டது:
ஐம்பத்திரண்டு, குறுக்கே நாற்பது.

படிவத்தின் அடியில்
'பிற குறிப்புகள்' என்றொரு கோடு,
இருபது வருஷமாக அவர் தொடாத கோடு.
'முழங்கால்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை
பிராகா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
குரலில் சளி, பின்னால் தட்டச்சு ஓசை.
இது எந்த உதிரிபாகம், ஐயா?
எண் போடவில்லையே?