மழையூர்க்காரி

பத்தாயிரம் லிட்டர் என் முதுகுக்குப் பின்னால் குலுங்கும்.
கலாமாவிலிருந்து மேட்டுக் கிராமங்களுக்குத்
தண்ணீர் லாரி ஓட்டுகிறேன்.
என் ஹாரன் அங்கே நாய்களுக்குக்கூடத் தெரியும்.

அந்த மூன்று வருடம்
எனக்கென்று இருந்தது நாளுக்கு அரை லிட்டர்.
மாத்திரைக்கு இரண்டு மடக்கு, சூப்புக்குக் கொஞ்சம்,
மீதியை ஐஸ்கட்டியாக்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
வளைவுகளைக் கடப்பேன்.
ஊர்த் தொட்டியெல்லாம் நிரப்பிவிட்டு
ஈரக் குழாயைச் சுருட்டும்போது
விரலை நக்கியிருக்கிறேன்.
உடம்பு அப்படி எனக்குத் தண்ணி காட்டியது.

வாரம் மூன்று நாள் இயந்திரம் என்னைப் பிழிந்து காயப்போடும்.
பக்கத்து நாற்காலியில் தொன் அபெலார்தோ,
தர்பூசணியைப் பற்றி மட்டுமே பேசுவார்:
அதன் எடை, தட்டினால் வரும் ஓசை,
கத்தி படுமுன்னே அது தானாய்ப் பிளக்கும் விதம்.
ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறு ஆள்.

ஒரியெத்தா,
அப்பாவின் இன்னொரு வீட்டுப் பெண்.
தெற்கே, புவெர்த்தோ மோன்ட்டில்,
சால்மன் ஆலையில் மீன் வெட்டுகிறாள்.
அப்பாவைப் புதைத்த அன்று ஒருதரம் பார்த்தது.
ரத்தம் ஒத்துப்போனது.
நாங்கள் அதற்கு முயன்றதே இல்லை.

அவள் இடுப்பில் இருந்ததை எடுத்து
என் வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள்.
பழைய இரண்டும் முதுகுப் பக்கம் அப்படியே இருக்கின்றன,
வேலை போன பிறகும்
ஆலை வாசலில் வந்து நிற்பவர்கள் போல.

கூரையில் மழை ஓயாத ஊரில்
நாற்பத்தோரு வருடம் வளர்ந்தது அது.
இங்கே தூறல் விழுந்தாலே
பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறோம்.

மூன்று லிட்டர் என்றாள் நர்ஸ்.
தாகத்துக்குக் காத்திருக்காதீர்கள்,
அது தாமதமாக வரும் பஸ்.
முதல் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு
திருடன் போலக் கதவைப் பார்த்தேன்.
குடி குடி என்கிறார்கள் எல்லோரும்.
குடிக்காதே என்று அலறியதும் இதே வாய்கள்தானே.

பிப்ரவரியில், கஸ்பானா போகும் வழியில்
அச்சு முறிந்தது.
காலையில் தின்ற எம்பனாதா இரண்டு பக்கமும் வெளியேற,
என் பாட்டில்கள் பத்து மணிக்கே காலி.
பின்னால் பத்தாயிரம் லிட்டர்,
கொதிக்க வைக்காத ஊற்றுநீர்.
எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் தூங்க வைத்திருப்பவனுக்கு
அது தண்ணீர் இல்லை.
தலைவலிக்கு உதவியாள் யெய்சன் இபுப்ரோஃபென் நீட்டினான்.
வேண்டாமடா, இது என் சாமான் இல்லை, ஒடித்துவிடுவேன் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. எனக்கே அப்போதுதான் புரிந்தது.

பிறகு அவன் ஸ்பேர் டயர் மூடியைக் கழுவி,
முட்செடிச் சுள்ளி கொளுத்தி,
தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்தான்.
ரப்பர் வாசனை. கரி.
ஆறும்வரை ஊதினோம், இரண்டு முட்டாள்கள்,
மேகமே இல்லாத வானத்தின் கீழ்.

கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்று.
நான்கு நாள் ஆஸ்பத்திரியில், கையில் சொட்டு மருந்து.
தண்ணீரும் மூன்று பிழை பொறுக்கும் என்பார்கள்.
எத்தனை பொறுக்கும் இது
என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

ஒன்று புள்ளி மூன்றில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
அன்றிரவு ஒரியெத்தா கூப்பிட்டாள்.
எப்படி இருக்கிறாய் என்று அவள் எப்போதும் கேட்பதில்லை.
என்னுடையது குடிக்கிறதா?
குடிக்கிறது.
எனக்குக் கேட்கணும்.

போனைத் தொண்டையருகே வைத்துக் குடித்தேன்.
மடக். மடக். மடக்.
அவள் பக்கம் தகரக் கூரையில்
யாரோ கோதுமை கொட்டுவது போல மழை.
இருவரும் வேறெதுவும் பேசவில்லை.

விடியுமுன் எழுந்து
அளவு ஜாடியை விளக்கில் பிடித்துப் பார்த்து
நோட்டில் எழுதினேன்: இரண்டாயிரத்து நூறு.
நிறம், வைக்கோல்.
மேசையில் நேற்றைய டம்ளர் ஒன்று
பாக்கி.